14 மாதிரித் தேர்வு எழுதியும் மதிப்பெண் ஏன் அசையவில்லை?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். கல்லூரிச் சேர்க்கைக்கு, ஆங்கிலத் திறனை அளக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் தேர்வில் மொத்தம் 6.5 வேண்டும், எந்தப் பிரிவிலும் 6-க்குக் குறையக் கூடாது. கையில் மூன்று மாதம் இருக்கிறது. இதுவரை 14 மாதிரித் தேர்வு எழுதிவிட்டீர்கள். கேட்டலில் 7, பேச்சில் 6.5 வருகிறது. வாசிப்பில் 40-க்கு 24-ஐத் தாண்ட முடியவில்லை. எழுத்துக்கு, திருத்திக் கொடுத்தவர் 5.5 போட்டிருக்கிறார். "வாசிப்புக்கும் எழுத்துக்கும் இதைவிட நல்ல பயிற்சிப் புத்தகம் எது?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி நானும் முடித்துவிடலாம். ஆனால் இவ்வளவு உழைத்தும் ஏன் நகரவில்லை என்பதுதான் உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

16 வருடமாக இதுபோன்ற ஆங்கிலத் தேர்வுகளுக்கு மாணவர்களைத் தயார் செய்துவருகிறேன், குறிப்பாக வாசிப்புக்கும் எழுத்துக்கும். தேர்வுத்தாளைத் திருத்தும் மதிப்பீட்டாளராக இருந்ததில்லை. உங்கள் கட்டுரை எதையும் பார்க்கவும் இல்லை. அதனால் எது தேர்வின் விதி, எது என் அனுபவம், எது விவாதத்துக்குரியது என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. இது விதி, சந்தேகம் இல்லை. நான்கு பிரிவுகளின் மதிப்பெண்ணைக் கூட்டி நான்கால் வகுப்பார்கள். விடையில் கால் வந்தால் அடுத்த அரைக்கும், முக்கால் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கும் ஏற்றுவார்கள். வாசிப்பில் சராசரியாக 23 சரியான விடைக்கு 6, 30-க்கு 7 என்று தேர்வு நடத்துபவர்களே சொல்லியிருக்கிறார்கள். தாளுக்குத் தாள் ஒன்றிரண்டு மாறும். ஆக உங்கள் 24 என்பது 6. ஏழு, ஆறரை, ஆறு, ஐந்தரை நான்கையும் கூட்டினால் 25. நான்கால் வகுத்தால் 6.25, அது 6.5 ஆக ஏறிவிடும். மொத்த மதிப்பெண் இப்போதே உங்கள் கையில் இருக்கிறது! வழியில் நிற்பது எழுத்தில் அந்த அரை மதிப்பெண் மட்டும்தான். வாசிப்பு விளிம்பில் நிற்கிறது. தேர்வன்று இரண்டு விடை தவறினாலே 5.5-க்கு இறங்கிவிடலாம், அங்கேயும் கொஞ்சம் பிடிமானம் வேண்டும். பயிற்சி நேரத்தில் பாதிக்கு மேல் எழுத்துக்குப் போகட்டும்.

இப்போது அந்த 14 தேர்வுகள். மாதிரித் தேர்வு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அளந்து சொல்லும். அடுத்த படிக்கு அது ஏற்றிவிடாது. நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் தேர்வை எழுதுவார்கள், விடையைச் சரிபார்ப்பார்கள், எண்ணைப் பார்த்து மனம் வாடுவார்கள், மறுநாள் அடுத்த தாளை எடுப்பார்கள். அந்தத் தவறுகளுக்குள் யாரும் திரும்பிப் போவதில்லை. ஒரு தாளுக்கு 16 தவறு என்றால் 14 தாளில் 200-க்கு மேல் தவறான விடைகள் உங்களிடம் சேர்ந்திருக்கின்றன. புதுப் புத்தகம் வாங்க வேண்டாம், இதுதான் உங்கள் புத்தகம். பழைய தாள்களை எடுத்து ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: சொல் தெரியவில்லை, வாக்கியம் பிடிபடவில்லை, கேள்வியைத் தப்பாகப் படித்தேன், நேரம் இல்லாமல் குத்துமதிப்பாகப் போட்டேன். நான்கு தாள் முடிப்பதற்குள் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும்.

"எனக்கு வேகம் போதாது" என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். வாசிப்புத் தாளில் படிக்கத் தரும் மூன்று நீண்ட பத்திகளும் சேர்ந்து அதிகபட்சம் 2,750 சொல். ஆங்கிலம் சரளமாகப் படிப்பவர்கள் சராசரியாக நிமிடத்துக்கு 238 சொல் படிக்கிறார்கள் என்று மார்க் பிரைஸ்பர்ட் என்ற ஆய்வாளர் 2019-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார். நீங்கள் 150 சொல்தான் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டாலும் மூன்றையும் முழுதாகப் படிக்கப் பத்தொன்பது நிமிடம் போதும். ஒரு மணி நேரத் தாளில் மீதி நாற்பது நிமிடம் கேள்விகளுக்கு இருக்கிறது. பிறகு நேரம் எங்கே போகிறது? ஒரே வாக்கியத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதில் போகிறது.

இதை ஒரு மாணவியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். ஆழ்கடல் பற்றிய ஒரு பத்தி. விரலை வரியின் மேல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாக்கியத்தில் விரல் நின்றது, திரும்பத் தொடக்கத்துக்கு வந்தது, மறுபடி நின்றது, மூன்றாவது தடவையும் வந்தது. வாக்கியம் கிட்டத்தட்ட இப்படி: "தி பாக்டீரியா டிஸ்கவர்ட் நியர் தி வெண்ட்ஸ் சர்வைவ் வித்தௌட் சன்லைட்." என்ன புரிந்தது என்று கேட்டேன். "பாக்டீரியா எதையோ கண்டுபிடித்தது, அப்புறம் ஏதோ பிழைக்கிறது" என்றாள். ஒரு சொல்லுக்குக்கூட அவளுக்குப் பொருள் தெரியாமல் இல்லை. சிக்கல் 'டிஸ்கவர்ட்'-இல் இருந்தது. தமிழில் "கண்டறிந்தன" என்றால் வாக்கியம் அங்கே முடிகிறது, "கண்டறியப்பட்ட" என்றால் இன்னும் பெயர் வர வேண்டும் என்று சொல்லின் உருவமே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம். அதோடு, நாம் பெயருக்கு முன்னால் வைக்கும் எச்சத்தை அவர்கள் பெயருக்குப் பின்னால் வைக்கிறார்கள். தமிழில் வினை கடைசியில் காத்திருக்கும், அங்கே நடுவில் எங்கோ ஒளிந்திருக்கும். "கடலடி வெந்நீர் ஊற்றுகளின் அருகே கண்டறியப்பட்ட பாக்டீரியா வெயிலே இல்லாமல் வாழ்கின்றன" என்று சொன்னதும் அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி இதுதான். தினம் ஒரே ஒரு பத்தி. டைமர் வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்திலும் முற்றுவினை எது என்று கண்டுபிடித்து அடிக்கோடு போடுங்கள், அதற்கு எழுவாய் எது என்று வட்டம் போடுங்கள். நடுவில் கிடக்கும் மற்றதெல்லாம் எந்தச் சொல்லோடு ஒட்டுகிறது என்று அம்புக்குறி போடுங்கள். பள்ளிப் பிள்ளை வேலை மாதிரி இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் கண் தானாகவே வினையைத் தேடிப் போக ஆரம்பிக்கும். என் அனுபவத்தில் வாசிப்பு மதிப்பெண்ணை வேறு எந்தப் பயிற்சியும் இவ்வளவு உயர்த்தியதில்லை.

சொல்வளம் பற்றி ஆய்வு உறுதியாகச் சொல்வது ஒன்று உண்டு. ஒரு பத்தியை உதவியில்லாமல் நன்றாகப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் இருவரும் 2000-இல் காட்டினார்கள். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் தெரியாமல் இருக்கலாம். 900 சொல் பத்தியில் பதினெட்டு. உங்கள் பழைய தாளில் தெரியாத சொற்களை எண்ணிப் பாருங்கள். பதினெட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் சொல் உங்கள் முதல் பிரச்சினை இல்லை. ஐம்பதுக்கு மேல் போனால் அதுதான் பிரச்சினை. அப்படியென்றால் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே வேரிலிருந்து வரும் சொற்களின் தொகுதிகள், கொண்டது. அவர் திரட்டிய கல்விசார் உரைகளில் பத்தில் ஒரு சொல் இந்தப் பட்டியலைச் சேர்ந்ததாக இருந்தது. ஆனால் பட்டியலை அகரவரிசையில் மனப்பாடம் செய்வதால் பயன் உண்டா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். படித்த பத்தியில் பார்த்த சொல்லை, அந்த வாக்கியத்தோடு எழுதி வைத்து, பொருளை மறைத்துக்கொண்டு நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது அதிக நாள் நிற்கும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம்.

வாசிப்பில் எல்லோரும் தடுக்கி விழும் 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' (சரி, தவறு, பத்தியில் சொல்லப்படவில்லை) கேள்விகள் பற்றி ஒரு வார்த்தை. பத்தியில் "நகரத் தோட்டங்களில் வாழும் தேனீக்கள் கிராமத்துத் தேனீக்களைவிட அதிக வகைப் பூக்களை நாடுகின்றன" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி: "நகரத் தேனீக்கள் அதிகத் தேன் தருகின்றன." நிறையப் பேர் 'ட்ரூ' போடுவார்கள், அதிகப் பூ என்றால் அதிகத் தேன்தானே என்று. பத்தி தேனைப் பற்றிப் பேசவே இல்லை. ஆகவே 'நாட் கிவன்'. 'ஃபால்ஸ்' போட வேண்டுமென்றால் பத்தி அதை மறுத்திருக்க வேண்டும். எந்த வரி மறுக்கிறது என்று விரலால் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியாவிட்டால் 'ஃபால்ஸ்' இல்லை. 'மே', 'மோஸ்ட்', 'ஒன்லி' போன்ற சின்னச் சொற்களில்தான் பாதிக் கேள்வி ஒளிந்திருக்கும். அப்புறம், இரண்டு சொல்லுக்கு மிகக் கூடாது என்று சொல்லியிருக்கும் இடத்தில் மூன்று எழுதினால் மதிப்பெண் இல்லை, எழுத்துப்பிழை இருந்தாலும் இல்லை. தவறான விடைக்குக் கழிப்பது கிடையாது, எதையும் காலியாக விடாதீர்கள்.

கேள்வியை முதலில் படிப்பதா, பத்தியை முதலில் படிப்பதா என்று ஒரு சண்டை ஓயாமல் நடக்கிறது. இரண்டு விதத்திலும் 8 வாங்கியவர்களை எனக்குத் தெரியும். இரண்டு தாள் ஒரு விதமாகவும் இரண்டு தாள் மறு விதமாகவும் செய்து உங்களுக்கு எது ஒத்துவருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அதில் நேரம் போட வேண்டாம்.

சரி, எழுத்துக்கு வருவோம். உங்கள் அரை மதிப்பெண் இங்கேதான் இருக்கிறது. 60 நிமிடம், இரண்டு பணி. முதல் பணிக்குக் குறைந்தது 150 சொல், இரண்டாவதற்கு 250. இரண்டாவதற்கு இரட்டிப்பு எடை. மதிப்பிடும் அளவைகள் நான்கு, நான்குக்கும் சம பங்கு: கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாயா, கருத்து கோர்வையாகப் போகிறதா, சொல்வளம், இலக்கணம். கவனியுங்கள், இலக்கணம் நான்கில் ஒன்றுதான். 5.5-இல் நிற்பவர்கள் பெரும்பாலும் இலக்கணத்தையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் பார்த்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் முதல் அளவையில்தான் சறுக்கியிருந்தன.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். கேள்வி, கல்லூரியில் வகுப்பு வருகை கட்டாயமாக இருக்க வேண்டுமா என்பது. ஒருவர் எழுதிய பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "வருகை மிகவும் முக்கியமானது. அது மாணவர்களுக்குப் பல வழிகளில் உதவுகிறது. இதனால் எண்ணற்ற நன்மைகள் கிடைக்கின்றன." மூன்று வாக்கியம், இலக்கணப் பிழை இல்லை, ஆனால் ஒன்றுமே சொல்லவில்லை. நான் "எப்படி?" என்று கேட்டேன். யோசித்தார். "எந்த வகுப்பில்?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அவர் எழுதியது: "ஆய்வக வகுப்பைத் தவறவிட்ட மாணவருக்கு அந்தக் கருவியைக் கையாளும் வாய்ப்பு மறுபடி கிடைக்காது. விரிவுரையைத் தவறவிட்டவர் நண்பரின் குறிப்பை வாங்கிப் படித்துக்கொள்ளலாம். ஆகவே ஆய்வகத்துக்கு வருகை கட்டாயமாக இருக்கட்டும், விரிவுரைக்கு வேண்டாம்." இப்போது ஒரு நிலைப்பாடு இருக்கிறது, காரணம் இருக்கிறது, எல்லை இருக்கிறது. ஆங்கிலத்தில் எளிய சொற்களிலேயே இதை எழுதிவிடலாம், அவரும் அப்படித்தான் எழுதினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் "எப்படி, யாருக்கு, எப்போது" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது பணிக்கு 40 நிமிடம். ஏழு நிமிடம் திட்டம், ஐந்து நிமிடம் சரிபார்ப்பு போக 28 நிமிடம் மிஞ்சும். 280 சொல் எழுதினாலும் நிமிடத்துக்குப் பத்துச் சொல்தான். இங்கேயும் வேகம் தடை இல்லை, என்ன சொல்வது என்று தெரியாமல் எழுத உட்காருவதுதான் தடை. திட்டத்தைத் தமிழில் யோசிக்கலாமா என்று பலர் கேட்பார்கள். ஆங்கிலத்திலேயே யோசிக்க வேண்டும் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. நான் அப்படி வற்புறுத்துவதில்லை. கருத்தைத் தமிழில் பிடியுங்கள், வாக்கியத்தை மட்டும் தமிழிலிருந்து பெயர்க்காதீர்கள். 'ஆல்தோ' போட்டுவிட்டு நடுவில் 'பட்' போடுவதும், 'டிஸ்கஸ்' பின்னால் 'அபௌட்' சேர்ப்பதும், 'இன்ஃபர்மேஷன்', 'எக்விப்மென்ட்', 'ரிசர்ச்' சொற்களுக்குப் பன்மை போடுவதும் நம்மவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் பிழைகள். 'எ', 'தி' என்ற சின்னச் சொற்கள் தமிழில் இல்லாததால் அவை கடைசி வரைக்கும் தொல்லை தரும். மூன்று மாதத்தில் அதை முழுதாகச் சரிசெய்ய முயன்று மனம் நோக வேண்டாம். சரிபார்க்கும் ஐந்து நிமிடத்தில் ஒருமைப் பெயர்ச்சொற்களை மட்டும் ஒரு சுற்றுப் பாருங்கள், போதும்.

எழுத்துப் பயிற்சிக்கு நான் நம்பும் முறை பழையது. பெஞ்சமின் பிராங்க்ளின் இளைஞராக இருந்தபோது இப்படித்தான் உரைநடை பழகினார், தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். 'ஸ்பெக்டேட்டர்' இதழின் கட்டுரை ஒன்றைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் சிறு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு, சில நாள் கழித்து மூலத்தைப் பார்க்காமல் குறிப்பிலிருந்தே திரும்ப எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் பிழைகளைத் திருத்திக்கொண்டார். நீங்கள் முற்றுவினைக்கு அடிக்கோடு போட்ட அதே வாசிப்புப் பத்தியை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு குறிப்பு எழுதுங்கள், இரண்டு நாள் விடுங்கள், ஆங்கிலத்தில் திரும்ப எழுதுங்கள், ஒப்பிடுங்கள். 'தி' எங்கே விட்டுப்போனது, இரண்டு வாக்கியத்தை அவர்கள் எப்படி இணைத்திருக்கிறார்கள், நீங்கள் பத்துச் சொல்லில் சொன்னதை அவர்கள் நான்கில் எப்படிச் சொன்னார்கள் என்றெல்லாம் தானாகவே கண்ணில் படும். வாசிப்பும் எழுத்தும் ஒரே உட்காருதலில் நடந்துவிடும். திருத்த ஆள் கிடைக்காதவர்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

கட்டுரைகளைப் பொறுத்தவரை வாரத்துக்கு ஐந்து எழுதாதீர்கள். இரண்டு எழுதுங்கள், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எழுதுங்கள். முதல் பிரதியைத் திருத்தி வாங்கி, அதைப் பார்த்து மறு பிரதியை முழுதாகக் கையால் அல்லது தட்டச்சில் எழுத வேண்டும். திருத்தியதைப் படித்துத் தலையாட்டிவிட்டு மூடி வைத்தால் அடுத்த கட்டுரையிலும் அதே பிழை வரும். கணினியில் தேர்வு எழுதப் போகிறீர்கள் என்றால் எழுத்துப்பிழை காட்டும் வசதியை அணைத்துவிட்டுப் பழகுங்கள், தேர்வில் அது இருக்காது. கட்டுரை திருத்தும் மென்பொருள்கள் இலக்கணப் பிழையை நன்றாகவே காட்டும். அவை போடும் மதிப்பெண்ணை நான் நம்புவதில்லை. ஒரே கட்டுரைக்கு இரண்டு நாளில் இரண்டு மதிப்பெண் வந்ததைப் பார்த்திருக்கிறேன். மனப்பாடம் செய்த கட்டுரைச் சட்டகம் வேண்டவே வேண்டாம். மதிப்பீட்டாளர்கள் அதைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள்.

மூன்று மாதம் போதுமா? ஒரு மொழித்திறன் நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போக ஏறத்தாழ 200 மணி நேர வழிகாட்டிய பயிற்சி தேவை என்று கேம்பிரிட்ஜ் தேர்வுத்துறை சொல்கிறது. தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் உங்களுக்கு 135 மணி கிடைக்கும். நீங்கள் தாண்ட வேண்டியது ஒரு முழு நிலை இல்லை, அரை மதிப்பெண். எழுத்தில் 6 எட்டக்கூடியது என்றே நினைக்கிறேன். 7 வேண்டும் என்று கேட்டிருந்தால் தேர்வைத் தள்ளிப்போடச் சொல்லியிருப்பேன். முதல் ஐந்து வாரம் டைமரே தொடாதீர்கள், மாதிரித் தேர்வும் வேண்டாம். அடுத்த நான்கு வாரத்தில் இரண்டு தேர்வு. கடைசி மூன்று வாரத்தில் வாரம் ஒன்று, அதையும் பிரித்துப் பார்க்க ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஒருவேளை எழுத்து மட்டும் அரை குறைந்துபோனால், கணினியில் எழுதியவர்கள் 60 நாளுக்குள் ஒரே ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுதும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. அந்த மதிப்பெண்ணை உங்கள் கல்லூரி ஏற்கிறதா என்று இப்போதே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டு வைத்துவிடுங்கள்.

இதே கேள்வியோடு டோஃபல் என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வை எழுதப் போகிறவர்களும் இதைப் படிக்கலாம், அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தத் தேர்வின் எழுத்துப் பகுதி 2023 ஜூலையில் மாறியது, பழைய 30 நிமிடக் கட்டுரை போய் 10 நிமிட விவாதப் பதிவு வந்தது. 2026 ஜனவரியில் மறுபடி மாறியது. பழைய பதிப்புப் புத்தகங்கள் இப்போது இல்லாத கேள்விக்குத் தயார் செய்யும், பதிப்பு ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். பி.டி.இ. என்ற மற்றோர் ஆங்கிலத் தேர்வை எழுதுபவர்கள், பல விடைகளைத் தெரிவு செய்யும் வினாவில் தவறான தெரிவுக்கு மதிப்பெண் கழியும் என்பதை மறக்க வேண்டாம். மேலே காலியாக விடாதீர்கள் என்று நான் சொன்னது அந்த வினாவுக்குப் பொருந்தாது.

நாளைக்கே புதுத் தாள் எடுக்காமல், 14-ஆவது தேர்வின் முதல் பத்தியை எடுங்கள். தவறிய விடைகளுக்குக் காரணம் எழுதி முடித்ததும், முடிந்தால் எழுத்தில் 5.5 வாங்கிய அந்தக் கட்டுரையையும் இங்கே போடுங்கள். நான்கு அளவைகளில் எதில் சறுக்கியிருக்கிறது என்று வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.